ஈறோரத்து நீலம்

ஸ்டீவனைப் பின்கதவோரம் கூட்டிப்போய் நிறுத்தினாள் குணசுந்தரி. நிறம் பார்க்க அங்கேதான் வெளிச்சம் சரியாக இருக்கும். வடக்குப் பார்த்த கதவு, நேர்வெயில் விழாது. எதிரே இரும்புக் கடையின் பூசாத சிமெண்டுச் சுவர். கண் களைத்தால் அதைப் பார்த்து ஆற்றிக்கொள்வாள்.

"சட்டைய மாத்தினு வரச் சொன்னேன் இல்ல? இந்த ஆரஞ்சு கலரு வாய்க்குள்ள வந்து அடிக்குது."

"கம்பெனி யூனிஃபார்ம்க்கா. ஷிஃப்ட் முட்சிட்டு நேரா வரேன்."

"இந்தா, இதப் போத்திக்கோ." சாம்பல் நிறத் துணி ஒன்றை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். "இப்ப ஈன்னு காட்டு. பொண்ணு பாக்கப் போனா இளிப்பியே, அந்த மாதிரி."

"பொண்ணே கெடைக்கலக்கா. அதுக்குத்தான் பல்லு கட்ட வந்துகீறேன்."

மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதி உடைந்திருந்தது. டாக்டர் பூமிகா அதைச் சீவி, மேலே பீங்கான் கேப் போட வேண்டும். கேப் செய்வது குணசுந்தரி. சீவுவதற்கு முன்பே நிறம் பார்த்துவிட வேண்டும். வாயை வெகுநேரம் திறந்து வைத்தால் பல் உலர்ந்து வெளுத்துப்போகும், அந்த வெளுப்புக்குச் செய்த கேப் பிறகு வாயில் தனியாக நிற்கும். குணசுந்தரி மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்திய பட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக அவனுடைய நல்ல பல்லின் பக்கத்தில் பிடித்தாள். ஒரு பார்வை பல்லை, ஒரு பார்வை சுவரை. மூன்றாவது மாதிரியில் வேலை முடிந்துவிட்டது.

"ஏ மூணரை. ஓரத்துல சிப்காட்," என்று நிறத்தைக் குறித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா அது சிப்காட்?"

"உங்கூரு பேர்தான். வாய மூடு, ஈ பூந்துடப் போவுது."

சிப்காட் என்பது ஒரு குப்பி. நகப்பூச்சுக் குப்பி அளவுக்குத்தான் இருக்கும். பீங்கானின் மேல் தீட்டிச் சுடுகிற சாயங்களில் சாம்பலையும் நீலத்தையும் துளி ஊதாவையும் சேர்த்து அவளே கலந்து வைத்தது. தொழிற்பேட்டை ஆட்களில் சிலருக்குப் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மங்கிய கோடு ஓடும். அதன் நிழல் பல்லின் அடியிலும் விழும். அதைப் போடாமல் கேப் செய்தால், அந்த ஒரு பல் மட்டும் கழுவி வைத்த கிண்ணம் போலப் பளிச்சென்று தெரியும். மாதிரிப் பட்டையில் அப்படி ஒரு நிறமே கிடையாது. அதனால் அவளே கலந்துகொண்டாள். குப்பி மேல் ஒட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. சிப்காட் என்று எழுதி ஒட்டினாள். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் தடாவிலும் இருந்த கிளினிக்குகள் தங்கள் நோயாளிகளை ரயிலேற்றிக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பியது இந்தக் கண்ணுக்காகத்தான்.

பல்லின் நிறத்தை அளக்கிற கருவி ஒன்றைப் பூமிகா வாங்கியபோது குணசுந்தரிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தடிமனான பேனா போல ஒன்று. முனையைப் பல்லில் வைத்து அழுத்தினால் மின்னல் வெட்டி, திரையில் எண் வரும். ஈறோரம், நடு, நுனி என்று பல்லை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாகச் சொல்லும்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க கண்ணுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்," என்றார் பூமிகா.

"எங்கண்ணுக்கு இன்னா மேடம்? சார்ஜு போட வோணாம், அட்டைப்பெட்டி வோணாம். உங்க பேனாவுக்குத்தான் ரெஸ்ட் வோணும்."

இருவரும் பந்தயம் கட்டிப் பார்த்தார்கள். முதலில் குணசுந்தரி சொல்வாள், பிறகு கருவி சொல்லும். பூக்காரம்மாவுக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்கும், இரும்புக் கம்பி உருட்டாலைக்காரர் ஒருவருக்கும் அப்படியே. ஒரு நாள் மாலை டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் அவசரமாகப் பார்த்த ஒரு பல்லில் கருவி சொன்னதே சரியாக இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. "இந்த ஆட்டம் உங்களுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ஸ்டீவன் பல்லில் கருவியை வைத்தபோது நடுவுக்கும் நுனிக்கும் எண் வந்தது. ஈறோரத்துக்கு எண்ணே வரவில்லை. சிவப்பு வட்டம் ஒன்று மினுக்கியது. அளவுக்கு வெளியே என்று அர்த்தம். பூமிகா வெள்ளை வில்லையின் மேல் கருவியை வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"புதுசுலயே ரிப்பேர் ஆயிட்ச்சா?" ஸ்டீவன் சிரித்தான். "எம் மூஞ்சி ராசிக்கா."

குணசுந்தரிக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பேனாவுக்குத் தெரியவில்லை என்று அன்று நினைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது புருஷன் பச்சையப்பன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமலே சுவரோரம் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தான். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற ஆலையில் உலைப்பக்கம் வேலை அவனுக்கு. காண்ட்ராக்ட் ஆள்தான். இந்த வருஷம் தாக்குப்பிடித்து நின்றுவிட்டால் நிரந்தரம் ஆக்கிவிடுவோம் என்று மேஸ்திரி தணிகைவேல் சொல்லியிருந்தான். அதனால் லீவு போடாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் வலியா?"

"புடிச்சிகினு கீது. ஆளப் போட்டு முறுக்குது."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன். காஸாம். எவ்ளோ காஸுதான் இருக்கும் ஒரு வயித்துல? சிலிண்டர் கம்பெனி வெக்கலாம்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சமீபகாலமாக அவன் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு, யாராவது சிரித்தால் முறைத்தான். ஆட்டுக்கறிக் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டது போன மாதம். மகள் படிக்கிற ஹாஸ்டலின் பெயர் அவனுக்கு மறந்துபோனது அதற்கடுத்து. பெரியாஸ்பத்திரியில் அல்சர் என்றார்கள். தனியார் டாக்டர் ஒருவர் டென்ஷன் என்றார்.

டீயை நீட்டினாள். அவன் வலக்கையை நீட்டினான். மணிக்கட்டு நிமிரவில்லை. கை, தூக்கிப் பிடித்த பூனைக்குட்டியின் முன்னங்கால் மாதிரி முன்பக்கமாகத் தொங்கியது. டம்ளர் விரல்களுக்கு நடுவே வழுக்கித் தரையில் உருண்டது.

"கொடுக்கறதப் பாத்துக் குடுமே!" என்று கத்தினான்.

பிறகு, அவள் துணியெடுத்துத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில், "கம்பி புடிச்சி புடிச்சி கை மரத்துப் போவுது. நெரந்தரம் ஆயிட்டா பேக்கிங் பக்கம் மாத்தி வுட்ருவாங்க," என்றான்.

பேசும்போது அவனுடைய மேல் முன்பற்கள் இரண்டு தெரிந்தன. அவை அவள் செய்தவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெம்புகோல் எகிறி வாயில் அடித்ததில் இரண்டு பல்லும் ஈறின் ஒரு பகுதியும் போய்விட்டன. இரண்டு பக்கத்துப் பற்களையும் பிடிமானமாக வைத்துப் பிரிட்ஜ் கட்டினாள். ஈறு குழிந்துபோன இடத்தை இளஞ்சிவப்புப் பீங்கானால் நிரப்பினாள். அந்தப் பீங்கான் ஈறு பக்கத்து ஈறோடு சேரும் இடம் தெரியக் கூடாது என்பதற்காக, ஒற்றை மயிர்த் தூரிகையால் சிப்காட் கோட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இழுத்து இணைத்தாள். அப்போதிருந்த வயதான டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, எது அசல் என்று கேட்டார். அவள் செய்த வேலைகளில் அதைத்தான் அவள் மனசுக்குள் முதலில் வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேருக்குச் சிவப்பு வட்டம் வந்தது. கருவி விற்ற கம்பெனிக்காரன் போனில் சொன்னதையெல்லாம் பூமிகா செய்து பார்த்தார். மதியம் ஆள் இல்லாத நேரம், லேபுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இதுல ரிப்பேர் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் மூணு நம்பரும் ஒழுங்கா வருது. சில பேருக்கு மட்டும் ஈறோரத்துல வரல. அவங்களுக்கு நீங்க கண்ணால பாத்து எப்படிப் போடறீங்க?"

கேட்பார் என்று காத்திருந்தவள் போலக் குணசுந்தரி இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்தாள். "தோ. சிப்காட்."

பூமிகா குப்பியை வெளிச்சத்தில் திருப்பினார். "இது யாருக்குப் போடுவீங்க?"

"சிப்காட் ஆளுங்களுக்கு."

"எல்லாருக்குமா? அந்த உருட்டாலைக்காரர் சிப்காட்தானே, அவருக்கு மெஷின் ஒழுங்கா காட்டுச்சே."

"அவங்களுக்கு வோணாம் மேடம். பெயிண்டு கம்பெனி ஆளுங்களுக்கும் வோணாம்." சொல்லும்போதே அவள் யோசித்தாள். இதை யாரும் இதுவரை அவளிடம் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. "ஸ்டீவன். அன்புராஜ். போன வருஷம் வந்த அந்த ஆந்திராக்காரு... எல்லாம் ஆரஞ்சு சட்டை."

"நான் மாவா கறைன்னு நெனச்சேன்," என்றார் பூமிகா. "எல்லார் சீட்டுலயும் புகையிலைக் கறைன்னு எழுதி வெச்சிருக்கேன். ஸ்டீவன் புகையிலையே போடறதில்ல."

போனை எடுத்து எதையோ தேடினார். தேடியது கிடைத்ததும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குணசுந்தரி பக்கம் திருப்பினார். யாரோ வெள்ளைக்காரனின் வாய். உதட்டை இரண்டு விரல் விலக்கிப் பிடித்திருந்தது. ஈறோரத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டைக் குணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டு கலக்குவாள். சாம்பல் மூன்று, நீலம் ஒன்று, ஊதா தூரிகை நுனியளவு.

"இது இன்னா மேடம்?"

"ஈயம். புகையாவும் தூளாவும் உள்ள போயி ரத்தத்துல கலந்தா ஈறோரத்துல இப்படி வரும். வயித்த முறுக்கும். மலச்சிக்கல், மறதி, கோவம். ரொம்ப நாளானா மணிக்கட்டு நிமிராது, தொங்..." பூமிகா நிறுத்தினார். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டார். "அக்கா. உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்றார்?"

"அங்கதான்," என்றாள் குணசுந்தரி.

பீங்கான் அடுப்பு வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கூவியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அவள் கண் இத்தனை வருஷமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: இது அதைப் போல இருக்கிறதா? அது ஏன் அப்படி இருக்கிறது என்று அது கேட்டதில்லை. மனிதப் பல்லோரம் இன்னின்ன நிறத்தில்தான் இருக்கும் என்று யாரோ அந்தக் கருவிக்கு ஒரு வரம்பு கொடுத்திருந்தார்கள். வரம்பைத் தாண்டியதும் அது மாட்டேன் என்றது. அவளுக்கு வரம்பு இல்லை. வந்த நிறத்தையெல்லாம் கலந்தாள். புருஷனின் வாயில் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அந்தக் கோடு இருந்தது. அப்போது அவனுக்கு வயிற்று வலி இல்லை. கை நிமிர்ந்துகொண்டிருந்தது. அவனைப் பின்கதவோரம் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்து, அந்தக் கோட்டை அச்சுப் பிசகாமல் படியெடுத்திருக்கிறாள்.

பச்சையப்பனின் ரத்தம் சென்னைக்குப் போய்ச் சோதனைச் சீட்டாகத் திரும்பிவந்தது. ஈயம், இருக்கக்கூடிய அளவைப் போலப் பல மடங்கு. பூமிகா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: இந்த வேலையை நிறுத்தினால்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பெரியாஸ்பத்திரியில் மருந்து உண்டு. ஆனால் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே உலைக்குப் போவது இன்னும் கெடுதல். கை திரும்ப நிமிருமா என்பதை இப்போது சொல்ல முடியாது.

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்ததும், "காலைல கேட்டாண்ட வெல்லம் குடுக்கறாங்க, வாழப்பழம் குடுக்கறாங்க. எல்லாத்தையும் அது இழுத்துகினு போயிடும்னு மேஸ்திரி சொல்றான்," என்றான்.

"மேஸ்திரி எங்க படிச்சான் வைத்தியம்?"

"நீ எங்க படிச்ச?"

"வுட்ருய்யா. நான் சம்பாதிக்கறது போதும்."

"அப்புறம்? உன் பல்லுக் கடைல ஒக்காந்துகினு ஈ ஓட்டவா? இந்தக் கைய வெச்சிகினு வேற எவன் சேத்துப்பான்? இந்த வருஷம் நிக்கணும். நின்னுட்டா பேக்கிங். பேக்கிங்ல பொக கெடையாது." அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீ தெனம் பாத்த வாயிதான இது? இன்னிக்கு வந்து சொல்ற."

அவள் சோதனைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பூமிகா அந்த ஆலைக்குப் போன் செய்து பேசினார். தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கும் எழுதினார். ஆலையிலிருந்து பதிலாக வந்தது தணிகைவேல்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு டப்பா பால்கோவா.

"டாக்டரம்மா, நம்ம பசங்களுக்கு ஒரு பல்லு முகாம் போட்டுக் குடுங்க. அத்தினி பேர் வாயும் சுத்தமாவணும். கம்பெனி செலவு."

"வாய் இல்ல பிரச்சனை. ரத்தம் பாக்கணும். எல்லாருக்கும்."

"ரத்தம்லாம் பெரிய எடத்து வேல. ஆபீசருங்க வரப் போறாங்கோ. வந்தா மொதல்ல வாயத்தான் தொறக்கச் சொல்வாங்கோ. அந்தக் கோட்ட சுரண்டி எடுத்துட்டு, கொப்பளிக்க மருந்து குடுங்க, போதும்."

"கோடு போகும். ஈயம் போகாது."

"கோடு போனா போதும்மா." தணிகைவேல் சிரித்தான். "எவனுக்குப் போவலியோ அவன வூட்டுக்கு அனுப்பிடுவோம். கம்பெனி ஒண்ணும் கல்லு நெஞ்சுக்காரன் இல்ல."

பூமிகா முடியாது என்றார். பால்கோவா டப்பாவும் அவனோடு திரும்பிப் போனது. ஆனால் முகாம் நடந்தது. வேறு ஊரிலிருந்து ஒரு வேன் வந்து ஆலை வாசலில் நின்று, வரிசையாக எல்லோருக்கும் பல் சுத்தம் செய்துவிட்டுப் போனது. ஆளுக்கொரு புட்டி மருந்துத் தண்ணீர். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு முன் கேட்டிலேயே வாய் பார்க்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள்.

பச்சையப்பன் வேளை தவறாமல் கொப்பளித்தான். நாள் போகப்போகக் கோடு மங்கிக்கொண்டே வந்தது. வலி மங்கவில்லை. ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பிடித்தபடி கூப்பிட்டான்.

"குணா, இங்க வா. எல்லா எடத்துலயும் போயிட்ச்சி. இங்க மட்டும் போவல பாரு. எவ்ளோ தேச்சாலும் அப்டியே கீது."

அவள் அருகில் போய்ப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும். "அது உன்னுது இல்ல. நான் போட்டது."

அவன் சிறிது நேரம் புரியாமல் நின்றான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. வலி பிடித்து இழுத்ததில் பாதியில் நின்றது. "சரியான ஆளுமே நீ. அசலு போயிட்ச்சி, உன் டூப்ளிகேட்டு போவ மாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி. வேற கட்டிக் குடு. நல்ல ரோஸ் கலர்ல. திங்கக்கெழமைக்குள்ள."

"திங்கக்கெழமைக்குள்ள எப்டி முடியும்?"

"முடியும். நீ ஒக்காந்தா முடியும்னு எனக்குத் தெரியும். எம் பொழப்பு இதுல கீது, குணா."

இதற்கு முன் அவன் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அவன் வாயின் பழைய அச்சுக்கட்டி பத்திரமாக இருந்ததால் அளவு எடுக்கும் வேலை இல்லை. அவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கருவியைப் பிரிட்ஜுக்கு அப்பால் இருந்த சொந்தப் பல்லின் ஈறோரம் வைத்தாள். மூன்று இடத்துக்கும் எண் வந்தது. சிவப்பு வட்டம் இல்லை. இந்த ஆள் ஆரோக்கியமாக இருக்கிறான் என்று அந்தப் பேனாவும் இப்போது சொல்கிறது. பின்கதவோரம் நிறுத்தித் தன் கண்ணாலும் பார்த்தாள். அவள் கண்ணும் அதையேதான் சொன்னது.

வெள்ளியும் சனியும் உட்கார்ந்து வேலை செய்தாள். பல்லை எழுப்பினாள், ஈறு எழுப்பினாள், சுட்டாள், தீட்டினாள், மறுபடி சுட்டாள். இரும்புக் கடைப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் புதுப் பிரிட்ஜை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். குழந்தை வாயின் ஈறு போலச் சுத்தமான சிவப்பு. ஒரு குறையும் சொல்ல முடியாது.

பூமிகா வாசலில் வந்து நின்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவது அவர் வேலை.

"எனக்கு மனசில்லக்கா," என்றார். "ஆனா அவர் வாய், உங்க குடும்பம். மாட்டுங்கன்னு நீங்க சொன்னா மாட்டி விடுறேன். நீங்க சொல்லணும்."

குணசுந்தரி பிரிட்ஜைப் பஞ்சில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தாள். "இன்னிக்கு வோணாம் மேடம்."

வீட்டில் அவன் சவரம் செய்துகொண்டு காத்திருந்தான். இடக்கையால் செய்ததில் தாடையில் இரண்டு இடத்தில் கீறியிருந்தது.

"அடுப்புல வெடிச்சிட்ச்சி," என்றாள். "மறுபடி மொதல்லேர்ந்து செய்யணும்."

அவள் வேலை அடுப்பில் வெடித்ததாக அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவள் பொய் சொல்லியும் கேள்விப்பட்டதில்லை. எதை நம்புவது என்று கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். "பேஜாரா போச்சி," என்றான். "சரி வுடு. அவ்ளோ கூட்டத்துல எவன் உத்துப் பாக்கப் போறான்? வாய அரையாத் தொறந்து காட்டிட்டு உள்ள பூந்துடறேன்."

திங்கட்கிழமை காலை இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பொத்தான்களை அவள்தான் போட்டுவிட்டாள். போட்டுவிடும்போது அவன் தெரு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளினிக்கில் அவளுக்கு வேலை ஓடவில்லை. தூரிகையை நனைப்பதும் துடைப்பதுமாக இருந்தாள். பொன்னேரியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நிறம் பார்க்க வேண்டியிருந்தது. மாதிரிப் பட்டையைத் தொடாமல், கருவியையே வைத்துப் பார்த்து அனுப்பினாள்.

பத்து மணி வாக்கில் பின்கதவோரம் ஆள் நிழல். பச்சையப்பன் பனியனோடு நின்றான். தோளில் சாப்பாட்டுப் பை. ஷிஃப்ட் முடிந்து மாற்ற எடுத்துப்போன வீட்டுச் சட்டையை ஒரு கக்கத்தில் சுருட்டி இடுக்கியிருந்தான்.

"சட்ட எங்க?"

"கேட்டுல வாங்கிகினாங்க. கம்பெனி சொத்தாம்."

அவன் உள்ளே வரவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்ததும் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான்.

"மேஸ்திரி ஃபோன்ல டார்ச் அடிச்சி ஒவ்வொருத்தனா பாத்தான். ஸ்டீவனுக்கு லைட்டா இருந்திச்சி, ஒதட்ட இறுக்கிப் புடிச்சினு போயிட்டான். என்ன ஒதட்டத் தூக்கச் சொன்னான். தூக்கனேன். சிரிக்கறான். எல்லாரையும் கூப்ட்டுக் காட்றான். 'பச்ச, ஒம் பொண்டாட்டி ஒன் வாயில நல்லா அழகா கோலம் போட்டுகீறா'ன்றான். இது பீங்கான்டா, சுட்ட பீங்கான், ஈறு இல்லன்றேன். எல்லாருக்கும் சிரிப்பு. ஆபீசர் பீங்கான்னு பாப்பானா, ஈறுன்னு பாப்பானான்றான்."

"ஒன் எடத்துக்கு?"

"கடம்பத்தூர் பையன் ஒருத்தன் வெளியவே நின்னுகினு இருந்தான், எவன் எடமாச்சும் காலியாவுமான்னு. நான் கேட்டத் தாண்டறதுக்குள்ள எம் ஹெல்மெட்ட அவன் தலைல வெச்சிட்டாங்க. சின்னப் பையன். கல்யாணமாயி ஆறு மாசமாம். சிரிச்சினே போனான்."

உள்ளே பூமிகா யாருக்கோ பல் சீவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் சற்று நேரம் கேட்டது. நின்றது.

"நெஜமா வெடிச்சிச்சா?" என்று கேட்டான்.

குணசுந்தரி இழுப்பறையைத் திறந்தாள். பஞ்சோடு எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் இடக்கையால் பஞ்சை விலக்கிப் பார்த்தான். திருப்பினான். வெளிச்சத்தில் பிடித்தான்.

"நல்லாத்தான் கீது."

"ஆமா."

"இப்ப மாட்டினா சேத்துப்பானா?"

"மாட்ட வுட மாட்டேன்."

"நான் ஒன்ன கேக்கல. அவன் சேத்துப்பானான்னு கேட்டேன்."

"தெரியல."

அவன் பிரிட்ஜைப் பஞ்சில் சுற்றிப் படியின் மேல், தனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் பதில் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. டாக்டர் சொன்னது, மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயில் நேரம் வரை. அவன் கத்தவில்லை.

"நீ எங்கிட்ட சொல்லிருக்கலாம்," என்றான்.

"சொன்னேனே."

"சொன்ன. அத இல்ல. மாட்ட வுட மாட்டேன்னு சொல்லல."

எழுந்து கக்கத்திலிருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். இடக்கையால் முதல் பொத்தானைத் துளையோரம் கொண்டுவந்தான். வலக்கை உதவிக்கு வந்து, மணிக்கட்டில் தொங்கி, துணி மேல் சரிந்தது. பொத்தான் நழுவியது. மறுபடி பிடித்தான். குணசுந்தரி ஓரடி முன்னே வந்தாள்.

"தொடாத."

அவள் நின்றாள். அவன் இன்னும் சில தரம் முயன்றான். மேலிருந்து இரண்டாவது பொத்தான் எப்படியோ நுழைந்தது, ஆனால் மூன்றாவது துளையில். சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் முயலவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு இரும்புக் கடைச் சந்து வழியாகத் தெருவுக்கு நடந்தான்.